பூஞ்சைத் தொற்றுக்கு ரத்தப் பரிசோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேப் கவுன்ட்டரில் வாரத்துக்கு இரண்டு பேராவது வந்து, "மேடம், ஃபங்கஸ் இருக்கான்னு ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துடுங்க" என்பார்கள். யார் எழுதிக்கொடுத்தது என்று கேட்டால், பாதிப் பேர் தாங்களாகவே வந்திருப்பார்கள். மீதிப் பேரின் சீட்டில் "ஃபங்கல் ஒர்க்அப்" என்று இரண்டே வார்த்தை இருக்கும். எந்தப் பூஞ்சை, உடம்பில் எங்கே என்று தெரியாமல் எந்தக் குழாயில் ரத்தம் பிடிப்பது? நுண்ணுயிரியல் லேப்பில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் வரும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர். கையிலிருக்கும் ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்ள இது உதவும், அவ்வளவுதான்.

எல்லாப் பூஞ்சையையும் காட்டிவிடும் ஒரே ரத்தப் பரிசோதனை எது?

அப்படி ஒன்று இல்லை. ரத்தத்தை வைத்துப் பூஞ்சையைத் தேட நான்கு வழிகள் இருக்கின்றன. ரத்தத்தில் உயிரோடு இருக்கும் பூஞ்சையைப் பாட்டிலில் வளர்த்துப் பார்ப்பது கல்ச்சர். பூஞ்சையின் உடலிலிருந்து உதிர்ந்து ரத்தத்தில் கலந்த பொருளைத் தேடுவது ஆன்டிஜென் பரிசோதனை. பூஞ்சைக்கு எதிராக நம் உடம்பு செய்துவைத்த பொருளைத் தேடுவது எதிர்ப்பொருள் பரிசோதனை. நான்காவது, அதன் மரபணுவைத் தேடும் பிசிஆர். ஒவ்வொன்றும் சில பூஞ்சைகளைப் பிடிக்கும், சிலவற்றைக் கோட்டைவிடும். அதனால்தான் "நெகட்டிவ்" என்று வந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும், எதற்கு நெகட்டிவ் என்று கேட்கச் சொல்கிறேன்.

தொடை இடுக்கில் படர்தாமரை. ரத்தம் கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். படர்தாமரைப் பூஞ்சை தோலின் மேல்பகுதியில் இருக்கும் செத்த அடுக்கையும், நகத்தையும், முடியையும் தின்று வாழ்வது. ரத்தத்துக்குள் அது வருவதில்லை. ரத்தத்தில் எத்தனை முறை தேடினாலும் ஒன்றும் கிடைக்காது.

இதற்கு வேண்டியது ஒரு சுரண்டல். சிவந்த வட்டத்தின் ஓரத்தில், செதில் உதிரும் இடத்தில், பிளேடின் மழுங்கிய பக்கத்தால் லேசாக வழித்து எடுப்போம். அதைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவைத்தால், தோல் செல்கள் கரைந்து மங்கிப்போகும். பூஞ்சை கரையாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கிளைவிட்ட கண்ணாடி நூல் மாதிரி தெரியும். எல்லாம் அரை மணி நேர வேலை. தேமலுக்கும் இதே பரிசோதனைதான். அங்கே குட்டைக் குட்டை இழைகளும் நடுநடுவே உருண்டைகளுமாக இருக்கும். சேமியாவும் ஜவ்வரிசியும் போட்ட பாயசத்தை நினைத்துக்கொள்ளுங்கள், ஒரு தடவை பார்த்தவர்களுக்கு மறக்காது.

வரும்போது ஒன்றைக் கவனியுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய கலப்பு க்ரீமைத் தடவிவிட்டு வராதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும், பூஞ்சை மட்டும் உள்ளே சௌகரியமாகப் பரவிக்கொண்டிருக்கும். வட்டத்தின் உருவமே மாறிப்போய் டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போவதும் உண்டு. இந்தியாவில் இப்போது பரவிவரும் ட்ரைக்கோஃபைட்டான் இன்டோட்டினியே என்ற வகையில், வழக்கமான டெர்பினாஃபின் மாத்திரைக்கு அடங்காதவை நிறைய இருக்கின்றன. க்ரீமை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே இருப்பதை விட ஒரு முறை சுரண்டிப் பார்ப்பது மேல்.

ஆறு மாதமாகத் திரும்பத் திரும்ப வருகிறது. அப்போதும் ரத்தம் வேண்டாமா?

இப்போது வேண்டும். ஆனால் தேட வேண்டியது பூஞ்சையை அல்ல, சர்க்கரையை. பிறப்புறுப்பில் அரிப்பும் தயிர் போல வெள்ளைப்படுதலும் மறுபடி மறுபடி வரும் பெண்கள், ஆணுறுப்பின் முன்தோலில் வெடிப்பும் சிவப்புமாக வரும் ஆண்கள், ஆறாத சேற்றுப்புண் உள்ளவர்கள் எல்லோரும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி-யும் பார்க்க வேண்டும். தனக்கு நீரிழிவு இருப்பதே இந்த அரிப்பால் தெரிய வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் பூஞ்சைக்காக எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் அதிகம் பிரயோஜனப்படுவது எது என்று கேட்டால், நான் சர்க்கரைப் பரிசோதனையைத்தான் சொல்வேன்.

வாய்க்குள் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, வழித்தால் உரிந்து வருகிறது, விழுங்கினால் வலிக்கிறது, வயதும் அதிகமில்லை, இன்ஹேலரோ ஆன்டிபயாடிக்கோ எடுக்கவில்லை என்றால் எச்ஐவி பரிசோதனையையும் சேர்த்துச் செய்வார்கள். அதற்குச் சங்கடப்பட வேண்டியதில்லை.

அப்படியென்றால் எப்போதுதான் ரத்தத்தில் பூஞ்சையைத் தேடுவார்கள்?

பூஞ்சை உள்ளே இறங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வரும்போது. ஐசியூவில் நாள்கணக்கில் இருப்பவர், கழுத்து ரத்தக்குழாயில் சென்ட்ரல் லைன் என்ற குழாய் போட்டவர், வயிற்றில் பெரிய அறுவை சிகிச்சை ஆனவர், புற்றுநோய் மருந்தால் வெள்ளணு குறைந்தவர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர், குறைமாதக் குழந்தை. இவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் டாக்டரின் யோசனை பூஞ்சை பக்கம் திரும்பும். அதில் முதல் சந்தேகம் கேண்டிடா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை மேல்.

பிளட் கல்ச்சர் எப்படி நடக்கிறது? ஏன் இவ்வளவு ரத்தம் எடுக்கிறார்கள்?

"ஏற்கெனவே ரத்தம் இல்லாம கெடக்காரு, நீங்க வேற பாட்டில் பாட்டிலா எடுக்கிறீங்களே" என்று உறவினர்கள் சண்டைக்கு வருவது வழக்கம். காரணம் இதுதான்: ரத்தத்தில் கேண்டிடா மிகக் குறைவாகத்தான் மிதக்கும். ஒரு மில்லிக்கு ஒன்று கூட இல்லாமல் இருக்கலாம். 2 மி.லி. எடுத்தால் அதில் ஒன்றுகூட மாட்டாமல் போகும். அதனால் பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. வரை, இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி, மொத்தம் சுமார் 40 மி.லி. எடுக்கச் சொல்கிறோம். எட்டு டீஸ்பூன் அளவு. குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்துக் குறையும்.

பாட்டிலை மெஷினுக்குள் செருகிவிடுவோம். ஒரு வகைப் பாட்டிலின் அடியில் நீலப்பச்சையில் ஒரு வட்டம் இருக்கும். உள்ளே ஏதாவது வளர்ந்து கரியமில வாயுவை விட்டால் அந்த வட்டம் மஞ்சளாகும், மெஷின் கத்தும். கேண்டிடாவாக இருந்தால் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் கத்திவிடும். ஐந்து நாள் வரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் "வளர்ச்சி இல்லை" என்று எழுதுவோம்.

கத்தியதும் ஒரு சொட்டு எடுத்துச் சாயமிட்டுப் பார்ப்போம். ஊதா நிறத்தில் ஒரு உருண்டை, அதன் தோளில் ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி உருண்டை. மொட்டுவிடும் ஈஸ்ட். பார்த்த அடுத்த நிமிடம் வார்டுக்கு ஃபோன் போகும், ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திருப்பதில்லை. அப்புறம் எந்த வகை என்று பார்க்க வேண்டும். பெரிய லேப்களில் மால்டி-டாஃப் என்ற மெஷின் நிமிடங்களில் சொல்லிவிடும். அது இல்லாத இடத்தில் பழைய வழி ஒன்று உண்டு. மனித சீரத்தில் கொஞ்சம் பூஞ்சையைக் கலந்து 37 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால், கேண்டிடா அல்பிகன்ஸ் முளைகட்டிய பயறு மாதிரி வால் விட்டிருக்கும். மற்ற வகைகள் பெரும்பாலும் விடாது. எவ்வளவோ மெஷின் வந்த பிறகும் எனக்கு இந்தப் பரிசோதனை மேல் ஒரு பிரியம்.

வகை ஏன் முக்கியம் என்றால், மருந்து மாறும். மேலை நாட்டுப் புத்தகங்களில் அல்பிகன்ஸ்தான் முதலிடம். இந்தியாவில் 27 தீவிர சிகிச்சைப் பிரிவுகளை எடுத்துக்கொண்டு நடந்த பெரிய ஆய்வில் முதலிடத்தில் இருந்தது கேண்டிடா டிராபிகாலிஸ்.

கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. பூஞ்சை இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா?

அதை மட்டும் வைத்து இருக்க முடியாது. உள்ளுறுப்புகளில் கேண்டிடா இருப்பது உறுதியானவர்களிலேயே சுமார் பாதிப் பேருக்குத்தான் கல்ச்சரில் வளர்கிறது. மருந்து தொடங்கிய பிறகு எடுத்த ரத்தமாக இருந்தால் இன்னும் குறையும். நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் இரத்தக்குழாய்க்குள்ளேயே புகுந்து வளரக்கூடியது, ஆனாலும் ரத்தக் கல்ச்சரில் மட்டும் வளராது. அதனால் நோயாளியின் நிலைமை மோசமாக இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமலே மருந்தைத் தொடங்கிவிடுவார்கள். அதைப் பார்த்து "டெஸ்ட்ல ஒண்ணுமில்ல, சும்மா மருந்து ஏத்துறாங்க" என்று நினைக்க வேண்டாம்.

மாறாக, ரத்தத்தில் கேண்டிடா ஒரே ஒரு பாட்டிலில் வளர்ந்தாலும் அதைத் தூசு, அசுத்தம் என்று ஒதுக்கவே மாட்டோம். அதே கேண்டிடா சளியிலோ சிறுநீரிலோ வந்தால் பெரும்பாலும் அங்கே சும்மா குடியிருப்பதுதான். ரத்தத்தில் வந்தால் அர்த்தமே வேறு. பழைய சென்ட்ரல் லைனை எடுக்கப் பார்ப்பார்கள், கண் டாக்டரை வரவழைத்து விழித்திரையைப் பார்ப்பார்கள், ரத்தம் சுத்தமாகும்வரை திரும்பத் திரும்பக் கல்ச்சர் எடுப்பார்கள். முதல் நெகட்டிவ் கல்ச்சர் வந்த நாளிலிருந்து கணக்கிட்டு 14 நாள் மருந்து என்பது பொதுவான கணக்கு. அந்தத் தேதி வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு நாளுக்கு ஒருமுறை குத்துகிறார்கள்.

ரிப்போர்ட்டில் 'கேண்டிடா ஆரிஸ்' என்று இருக்கிறது. தனி அறைக்கு மாற்றிவிட்டார்களே?

2009-ல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்த மாதிரியில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது இது. லத்தீனில் 'ஆரிஸ்' என்றால் காது. பெயர்தான் காது, பிரச்சினை ரத்தத்தில். வழக்கமான பூஞ்சை மருந்தான ஃப்ளூகோனசோல் பெரும்பாலும் வேலை செய்யாது. கட்டில் கம்பி, பி.பி. பார்க்கும் பட்டை என்று எதிலும் வாரக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்து அடுத்த நோயாளிக்குப் போகும். தனி அறை அதற்காகத்தான், உங்களை ஒதுக்கிவைக்க இல்லை. பழைய மெஷின்கள் இதை வேறொரு கேண்டிடா என்று தப்பாகப் படித்த காலமும் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் முதன்முதலாக வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகள் பட்டியலில் 19 பெயர்கள் உண்டு. அதில் உச்சப் பிரிவில் இருக்கும் நான்கில் இதுவும் ஒன்று. பார்க்கப் போகிறவர்கள் உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் கையைச் சுத்தம் செய்தால் போதும், வீட்டில் ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு இதனால் ஆபத்து மிகக் குறைவு.

'பீட்டா டி குளூக்கன்' என்று ஒரு டெஸ்ட். அது என்ன?

பெரும்பாலான பூஞ்சைகளின் செல் சுவரில் இருக்கும் ஒரு சர்க்கரைச் சங்கிலி. பூஞ்சை வளரும்போது இது ரத்தத்தில் உதிரும். அதிகம் பயன்படும் கிட்டில் மில்லிக்கு 80 பைகோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் பாசிட்டிவ், 60-க்குக் கீழ் நெகட்டிவ், நடுவில் வந்தால் திரும்ப எடுக்க வேண்டியதுதான்.

இந்தக் கிட்டில் வினைபுரியும் பொருள் எங்கிருந்து வருகிறது தெரியுமா? அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் பிடிக்கும் குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து. நீல நிற ரத்தம். கிருமியின் வாடை பட்டதும் அந்த நண்டின் ரத்தம் உறைந்துவிடும். அந்தக் குணத்தைத்தான் குழாய்க்குள் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இதில் இரண்டு சிக்கல். முதலாவது, எந்தப் பூஞ்சை என்று இது சொல்லாது. 'ஏதோ ஒன்று' என்பதோடு சரி. கறுப்புப் பூஞ்சையையும் கிரிப்டோகாக்கஸையும் இதை நம்பித் தேட முடியாது. இரண்டாவது, பூஞ்சையே இல்லாமலும் ஏறும். செல்லுலோஸ் வடிகட்டி வைத்த டயாலிசிஸ், ரத்தப் புரதங்களான ஆல்புமின், இம்யூனோகுளோபுலின் ஏற்றியது, அறுவை சிகிச்சையில் உள்ளே வைத்த பஞ்சுத்துணி, இவற்றிலெல்லாம் குளூக்கன் இருக்கிறது. பருத்தியும் செடிதானே! ஆகவே ஐசியூ நோயாளிக்கு ஒருமுறை பாசிட்டிவ் வந்தால் நாங்கள் துள்ளுவதில்லை. நெகட்டிவ்தான் இதில் அதிகம் உதவும். அடுத்தடுத்து இரண்டு முறை நெகட்டிவ் என்றால், கேண்டிடாவாக இருக்க வாய்ப்பு குறைவு என்று மருந்தை நிறுத்தத் துணிவு வரும். எச்ஐவி உள்ளவருக்கு மூச்சுத் திணறலோடு அளவு எக்கச்சக்கமாக ஏறியிருந்தால் நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் நிமோனியாவை முதலில் நினைப்போம்.

'கேலக்டோமேனன்' 0.6 என்று வந்திருக்கிறது. இது அதிகமா?

இது ஆஸ்பெர்ஜில்லஸின் செல் சுவரில் இருப்பது. இதை மில்லிகிராமில் அளப்பதில்லை, ஒரு குறியீட்டு எண்ணாகக் கொடுப்போம். கிட்டின் கணக்கில் 0.5 தொட்டால் பாசிட்டிவ். ஆராய்ச்சிக்கென்று 2020-ல் சர்வதேச நிபுணர் குழு வைத்த வரையறையில் ரத்தத்துக்கு 1.0. எனவே 0.6 என்பது வாசற்படியில் நிற்கிற எண். ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்து வெள்ளணு அடியோடு குறைந்தவருக்கு, சி.டி. ஸ்கேனில் நுரையீரலில் கட்டியும் இருந்து 0.6 வந்தால் அது பெரிய விஷயம். நடமாடிக்கொண்டு இருக்கும் ஒருவருக்கு வந்தால் இன்னொரு முறை ரத்தம் எடுத்துப் பார்க்கலாம்.

வெள்ளணு நன்றாக இருப்பவர்களிடம் ரத்தத்தில் இது சரியாகப் பிடிபடாது. அவை உதிர்ந்த பொருளைத் துடைத்துவிடும். அப்போது மூச்சுக்குழாய்க்குள் ஸ்கோப் விட்டு நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் பார்ப்பது மேல். முன்பே பூஞ்சை மருந்து சாப்பிடுபவருக்கும் ரத்தத்தில் குறைவாகவே காட்டும். முடிவு தாமதமாவது பற்றித் திட்டாதீர்கள். தட்டில் 96 குழி இருக்கிறது, ஒருவருக்காக ஒரு கிட்டைப் பிரித்தால் கட்டுபடியாகாது என்று பல லேப்கள் நாலைந்து மாதிரி சேரும்வரை வைத்திருக்கும். அவசரம் என்றால் உங்கள் டாக்டரையே லேப்போடு நேரடியாகப் பேசச் சொல்லுங்கள், வேலை நடக்கும்.

டி.பி. மருந்து முடித்து மூன்று வருடம் ஆகிவிட்டது. இப்போது சளியில் ரத்தம் வருகிறது. சளியில் டி.பி. இல்லை என்கிறார்கள்.

இது நம் நாட்டில் அடிக்கடி நடப்பது, அடிக்கடி தவறவிடப்படுவதும் கூட. டி.பி. ஆறிய நுரையீரலில் குழி விழுந்திருக்கும். காற்றில் எங்கும் மிதக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் அந்தக் காலிக் குழியில் குடியேறும். சில பேருக்கு அது பந்தாகவே உருண்டுவிடும். எக்ஸ்ரேயில் உருண்டையும் அதன் மேல் பிறை மாதிரி காற்றும் தெரியும். படுக்கையில் புரண்டால் பந்தும் இடம் மாறும். எடை குறைவது, இருமல், களைப்பு, ரத்தம் என்று எல்லாமே டி.பி. மாதிரியே இருப்பதால், சளி நெகட்டிவாக இருந்தும் இரண்டாம் முறை, மூன்றாம் முறை டி.பி. மாத்திரை சாப்பிட்டவர்கள் உண்டு.

இங்கேதான் எதிர்ப்பொருள் பரிசோதனைக்கு நிஜமான வேலை. ஆஸ்பெர்ஜில்லஸ் ஐஜிஜி (அந்தப் பூஞ்சைக்கு எதிரான எதிர்ப்பொருள்) என்று கேட்டு எடுக்க வேண்டும். கேலக்டோமேனன் இந்த நோயில் ரத்தத்தில் பெரும்பாலும் ஏமாற்றிவிடும். மூன்று மாதத்துக்கு மேல் தொந்தரவு, ஸ்கேனில் குழி, ரத்தத்தில் ஐஜிஜி, இந்த மூன்றும் சேர்ந்தால் நோய் ஏறக்குறைய உறுதி. பழைய டி.பி. ஃபைலையும் எக்ஸ்ரேக்களையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆஸ்துமாவுக்கு ஏன் பூஞ்சை டெஸ்ட் எழுதியிருக்கிறார்?

அதே ஆஸ்பெர்ஜில்லஸ், வேறு விளையாட்டு. இங்கே பூஞ்சை திசுவைத் தின்பதில்லை, உடம்பு அதன் மேல் அளவுக்கு மீறிக் கோபப்படுகிறது. ஒவ்வாமை. இன்ஹேலர் போட்டும் அடங்காத ஆஸ்துமா, பழுப்பு நிறத்தில் கட்டி கட்டியாகச் சளி என்றால் ஒவ்வாமையில் ஏறும் எதிர்ப்பொருளான ஐஜிஇ-யை, ஆஸ்பெர்ஜில்லஸ் ஐஜிஇ, மொத்த ஐஜிஇ என்று இரண்டாகப் பார்ப்பார்கள். முதலாவது 0.35-ம் அதற்கு மேலும், மொத்தம் 500-ம் அதற்கு மேலும் என்பது 2024-ல் திருத்திய அளவு. முன்பு 1000 என்று வைத்திருந்தார்கள், பழைய ரிப்போர்ட்டில் அப்படி அச்சாகியிருக்கலாம். மொத்த ஐஜிஇ மட்டும் ஏறியிருந்தால் வயிற்றுப் பூச்சியாலும் இருக்கலாம், அதனால்தான் இரண்டையும் சேர்த்து எடுப்பது.

எச்ஐவி இருக்கிறது, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கிரிப்டோகாக்கஸ் டெஸ்ட் எதற்கு?

பூஞ்சை ரத்தப் பரிசோதனைகளிலேயே எனக்கு முழு நம்பிக்கை உள்ளது இதுதான். புறா எச்சம் கலந்த மண்ணில் இருக்கும் இந்தப் பூஞ்சை மூச்சு வழியே உள்ளே போய், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் மூளை உறையைத் தாக்கும். தலைவலி தொடங்குவதற்கு வாரக்கணக்கு முன்பே அதன் ஆன்டிஜென் ரத்தத்தில் வந்துவிடும். எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 செல் எண்ணிக்கை 100-க்குக் கீழ் உள்ளவர்களுக்கு, அறிகுறி இல்லாவிட்டாலும் இதைப் பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 200-க்குக் கீழும் பார்க்கலாம். கர்ப்பப் பரிசோதனைக்கு வருவது போன்ற ஒரு பட்டை, அதில் ஒரு சொட்டு. 10 நிமிடத்தில் இரண்டு கோடு விழுந்தால் பாசிட்டிவ். இந்தப் பட்டைக்கு 2011-ல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. முன்பெல்லாம் தண்டுவட நீரில் இந்தியா மையைக் கலந்து, கறுப்புப் பின்னணியில் ஒளிவட்டத்தோடு தெரியும் உருண்டைகளைக் கண் வலிக்கத் தேடிக்கொண்டிருப்போம்.

பாசிட்டிவ் என்றால் முதுகில் நீர் எடுத்து மூளை உறையைத் தொட்டுவிட்டதா என்று பார்ப்பார்கள். தொடவில்லை என்றால் ஃப்ளூகோனசோல் மாத்திரையிலேயே தடுத்துவிடலாம். ஆனால் குணமான பிறகும் இந்தக் கோடு மாதக்கணக்கில் விழும், அதனால் "சரியாயிடுச்சா பாருங்க" என்று இதையே திரும்ப எடுக்காதீர்கள்.

கறுப்புப் பூஞ்சையை ரத்தத்தில் கண்டுபிடிக்கலாமா?

2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் இதைக் கேட்காதவர் இல்லை. அந்த ஆண்டு மே மாதம் தமிழ்நாட்டில் இதை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தார்கள். பயத்தில் பீட்டா டி குளூக்கன் எடுத்து, நெகட்டிவ் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. அந்த நிம்மதி பொய். இந்தப் பூஞ்சை குளூக்கனிலும் காட்டாது, கேலக்டோமேனனிலும் காட்டாது, ரத்தக் கல்ச்சரிலும் வளராது. ரத்தத்தில் பிசிஆர் செய்யும் முறை வந்திருக்கிறது, ஆனால் எல்லா ஊரிலும் கிடைக்காது.

சர்க்கரை உள்ளவருக்கோ ஸ்டீராய்டு எடுத்தவருக்கோ ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போவது, கண் வீங்குவது, மூக்கில் கறுப்பாகச் சளி, பல் ஆடுவது என்று வந்தால் ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போக வேண்டும். மூக்குக்குள் ஸ்கோப் விட்டுத் திசுவை எடுத்து அனுப்பினால், அகலமான நாடா மாதிரி இழைகளை ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துச் சொல்லிவிடுவோம். அந்தத் திசுவை லேப்பில் அரைக்கக் கூடாது, சின்னச் சின்னதாக நறுக்கத்தான் வேண்டும். இழை எளிதில் நைந்துவிடும், அரைத்தால் செத்துப்போய்க் கல்ச்சரில் வளராது.

கண்ணில் பூஞ்சை, காலில் பூஞ்சை என்றால்?

இரண்டுக்கும் ரத்தம் உதவாது. வயலில் நெல் சுணையோ இலையோ பட்டுக் கருவிழியில் புண்ணானால், அந்தப் புண்ணையே லேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் பங்கேற்ற பெரிய ஆய்வில் நாட்டாமைசின் சொட்டுமருந்துதான் இதற்குச் சிறந்தது என்று 2013-ல் தெரிந்தது.

காலில் வருவது மதுரையின் பெயரையே வாங்கிக்கொண்டது. 1842-ல் மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்ற மருத்துவர் பாதம் வீங்கிப் பல துளைகளில் சீழ் வடியும் நோயைப் பற்றி எழுதினார். உலகம் முழுக்க அது 'மதுரா ஃபுட்'. யானைக்கால் அல்ல இது. சீழோடு குருணை குருணையாக வரும், அந்தக் குருணைதான் நமக்கு வேண்டிய மாதிரி. கறுப்பாக இருந்தால் பூஞ்சை. மஞ்சளோ சிவப்போ என்றால் பெரும்பாலும் பாக்டீரியா, மருந்தே வேறு. துணியில் ஒட்டியிருந்தால் அந்தக் கட்டுத்துணியைத் துவைக்காமல் அப்படியே கொண்டு வாருங்கள்.

ஆன்லைனில் 'கேண்டிடா பேனல்' எடுத்தேன், ஐஜிஜி அதிகம் என்று வந்தது. வயிறு உப்பசத்துக்கு அதுதான் காரணமா?

காசு போயிற்று, அவ்வளவுதான். கேண்டிடா நம் எல்லோர் குடலிலும் வாயிலும் இருக்கிறது, அதைப் பார்த்துப் பழகிய உடம்பு எதிர்ப்பொருள் செய்து வைத்திருக்கும். உங்களோடு சேர்த்து என்னையும் சோதித்தால் எனக்கும் வரும். களைப்பு, உப்பசம், மறதி எல்லாவற்றுக்கும் இதைக் காரணம் காட்டி ஆறு மாத உணவுப் பட்டியலும் பவுடர் டப்பாவும் விற்பவர்களிடம் மாட்டாதீர்கள்.

சாதாரண ரத்தப் பரிசோதனையில், இ.எஸ்.ஆரில் தெரியாதா?

தெரியாது. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஏறினால் எங்கோ அழற்சி என்று அர்த்தம், காரணம் சொல்லாது.

அரிசோனாவில் மகன் இருக்கிறான். இருமல் போகவில்லை, ரத்தத்தில் ஃபங்கஸ் டெஸ்ட் என்கிறார்களாம்.

பள்ளத்தாக்குக் காய்ச்சலாக இருக்கும். அரிசோனா, கலிபோர்னியா பாலைமண்ணில் உள்ள காக்சிடியாய்டஸ் என்ற பூஞ்சை தூசியில் வரும். அங்கே எதிர்ப்பொருள் பரிசோதனைதான் முதல் வழி. முதல் வாரங்களில் நெகட்டிவ் வரலாம், திரும்ப எடுப்பார்கள். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு இருமலால் ஒட்டாது. ஊருக்கு லீவில் வந்து இங்கே டாக்டரைப் பார்த்தால், அரிசோனாவில் இருந்ததை முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நேராக டி.பி. பக்கம் போய்விடும்.

பூஞ்சை மருந்து தொடங்கியாயிற்று. இன்னும் ஏன் ரத்தம் எடுக்கிறார்கள்?

இது பூஞ்சையைத் தேட இல்லை, மருந்தைக் கண்காணிக்க. ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சை மருந்தை ஏற்றினால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறும், பொட்டாசியம் இறங்கும். மாத்திரைகளில் கல்லீரலைப் பார்க்க வேண்டும். வோரிகோனசோல் ஒரே அளவு கொடுத்தாலும் ஒருவருக்கு ரத்தத்தில் ஏறவே ஏறாது, இன்னொருவருக்கு ஏறிச் சுவரில் உருவங்கள் தெரிய ஆரம்பிக்கும். அதனால் சில நாள் கழித்து, அடுத்த வேளை மருந்துக்குச் சற்று முன்பு எடுத்து அளப்பார்கள். அந்த நேரம் முக்கியம். மாத்திரையை முழுங்கிவிட்டு வந்தால் எண் தப்பாக வரும்.

ரத்தம் கொடுக்க வரும்போது என்ன செய்ய வேண்டும்?

பூஞ்சையைத் தேடும் பரிசோதனைகளுக்கு வெறும் வயிறு தேவையில்லை, வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு மட்டும்தான் வேண்டும். கல்ச்சர் என்றால் முடிந்தவரை மருந்து தொடங்குவதற்கு முன் எடுக்க வேண்டும். டயாலிசிஸ் நடக்கிறதா, சமீபத்தில் ஆல்புமினோ இம்யூனோகுளோபுலினோ ஏற்றினார்களா, என்ன ஆன்டிபயாடிக் போகிறது, ஏற்கெனவே பூஞ்சை மாத்திரை சாப்பிட்டீர்களா, சர்க்கரை உண்டா, டி.பி. வந்ததா என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ரத்தக் குழாயோடு கொடுத்துவிடுங்கள். கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை, டாக்டர்கள் எழுதியதைப் படித்துப் பழகிய கண்தான் எங்களுக்கு.